ஏமி கார்மைக்கேல்

ஏமி வில்சன் கார்மைக்கேல் (டிசம்பர் 16, 1867 – ஜனவரி 18, 1951) அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையிலுள்ள டோனாவூரில் தொண்டாற்றிய கிறித்தவ மறைப்பணியாளரும் எழுத்தாளரும் ஆவார்.

இளமை

ஏமி வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். தந்தை 1885ஆம் ஆண்டு காலமானார். இளமையிலேயே நரம்புவலி அவரை வாட்டியது. சீனா செல்ல விரும்பியும் உடல்நலம் கருதி ஏற்கப்படவில்லை. 1893இல் ஜப்பான் சென்றார். அங்கும் நோயுற்றுத் திரும்பினார். 1895இல் பெங்களூர் வந்தவர், அதன்பின் தாயகம் திரும்பவே இல்லை.

டோனாவூர்

திருநெல்வேலிப் பகுதியில் தாமஸ் வாக்கரிடம் தமிழ் கற்று, தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்தார். 1901இல் கோயில் பணிக்கு விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுமுதல் அத்தகைய குழந்தைகளைக் காத்து வளர்ப்பதே அவர் பணியாயிற்று. குழந்தைகள் அவரை 'அம்மா' என்றழைத்தனர். குழந்தையைக் கடத்தியதாகக் குற்றச்சாட்டும் எழுந்தது. 1912இல் வாக்கர் மறைந்தார். வலக்கரமாக விளங்கிய பொன்னம்மாள் புற்றுநோய்க்கு ஆளாகி, குணமடைய வேண்டிப் பலர் செபித்தும் 1915இல் இறந்தார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது 1947இல்தான்.

விபத்தும் படுக்கையும்

1931 அக்டோபர் 24 காலையில், ஊழியத்திற்குத் தம்மைத் தகுதியாக்க எதை வேண்டுமானாலும் செய்யும்படி ஏமி இறைவனிடம் வேண்டினார். அன்று மாலை களக்காட்டில், வேலையாட்கள் இடம் மாற்றித் தோண்டியிருந்த குழியொன்றில் இருளில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிறழ்ந்தது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றே முதலில் கருதப்பட்டது. ஆயினும் மூட்டுவலியும் முதுகுவலியும் சேர்ந்துகொள்ள, எஞ்சிய ஏறத்தாழ இருபது ஆண்டுகளை அவர் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழித்தார்.

ஓடியாடிப் பணிசெய்து பழகியவருக்கு இது எளிதாக இருக்கவில்லை. உறக்கமற்ற இரவுகளையும், பிறருக்குச் சுமையாகிவிட்டோமே என்ற வருத்தத்தையும் அவர் மறைக்கவில்லை. நோயாளிகளுக்கெனத் தமக்கு வந்த ஆறுதல் நூல்கள் நலமாக இருப்போரால் எழுதப்பட்டவை, அவை வலியைத் தொடவில்லை என்று கண்டார். எனவே நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதிய மடல்களைத் தொகுத்து 1933இல் 'ரோஸ் ப்ரம் ப்ரையர்' என்னும் நூலாக வெளியிட்டார். மறத்தலிலோ ஓயாத உழைப்பிலோ அல்லாமல், மனமார ஏற்றுக்கொள்வதிலேயே அமைதி உண்டு என்பது அவர் கண்ட முடிவு. அதே வேளையில் நலம் வேண்டிச் செபிப்பதை அவர் தவறென்று கூறவில்லை.

மறைவு

ஏமி 1951இல் டோனாவூரில் காலமானார். அவர் விருப்பப்படி கல்லறைக்கல் நாட்டப்படவில்லை. அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்று வைக்கப்பட்டது. அதில் 'அம்மை' என்று மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.