உ.வே.சா.வுக்குக் கிடைத்த 50 ரூபாய்

பிள்ளைகளைச் சேர்க்கும்போது நம்ம ஊர்க்காரர்கள் துபாய், ஷார்ஜா ஸ்கூல்களின் ஃபீஸை நன்றாகவே விசாரிக்கிறோம். அதில் டீச்சர் கைக்கு எவ்வளவு போகுது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியின் அருமை உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

1855-ல் பிறந்தவர். சொந்த ஊர் பாபநாசம் பக்கம் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். நிலையான வருமானம் கிடையாது. மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி, குடும்பமே ஊர் ஊராக மாறியது. கடைசியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாணவராக ஏற்றுக்கொண்டார்.

பிள்ளை காசு வாங்காமல் பாடம் சொன்னவர். மாணவர்களுக்குச் சோறும் போட்டவர். அவருக்கோ மாதச் சம்பளம் இல்லை. மடத்தையும் பிரபுக்களையும் நம்பியே காலம் ஓடியது. அவ்வளவு பெரிய புலவர் கடனோடுதான் 1876-ல் கண்ணை மூடினார்.

சீடருக்கு வேறு வழி திறந்தது. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்குச் சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். 1880 பிப்ரவரியில் வேலை கிடைத்தது. சம்பளம் 50 ரூபாய். இங்கிலீஷ் பேராசிரியர்கள் வாங்கியதோடு ஒப்பிட்டால் குறைச்சல்தான். ஆனால் மாதா மாதம் தவறாமல் வரும்.

அதே வருஷம் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணிப் பிரதியை அவர் கையில் கொடுத்தார். வகுப்பு போக மிச்ச நேரமெல்லாம் சுவடி ஆராய்ச்சிதான். லீவு விட்டால் ஊர் ஊராக ஏடு தேடினார். சென்னைக்குப் போய் அச்சு வேலை பார்த்தார். செலவுக்கு மடமும் அன்பர்களும் உதவினார்கள், உண்மைதான். ஆனால் நாளைய அடுப்பைப் பற்றிய கவலையைக் குறைத்தது அந்தச் சம்பளம். 1887-ல் சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. எல்லாமே கும்பகோணத்தில் பாடம் நடத்திக்கொண்டே பதிப்பித்தவை.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். பிறகு திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். வேலை வாங்கித் தந்தவரை 1942-ல் இறக்கும்வரை மறக்கவில்லை.

சம்பளம் கொடுத்தால் எல்லாரும் உ.வே.சா. ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அந்தச் சம்பளம் இல்லையென்றால் அவரும் கதை சொல்லிப் பிழைக்க ஊர் ஊராகப் போயிருக்கக்கூடும். பகலெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, வாடகைக்காக ராத்திரி ட்யூஷனுக்கு ஓடும் டீச்சருக்கு மறுநாள் பாடத்தைத் தயார் செய்ய நேரம் எங்கே? நஷ்டம் அவருக்கு மட்டுமில்லை, நம்ம பசங்களுக்கும்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பஸ் கட்டணத்தைக் கேட்கும்போது, டீச்சர் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.