உடம்பின் நீரை அளந்த மேதை

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது எத்தனை லிட்டர்? குடத்துத் தண்ணீரை ஊற்றி அளக்கலாம். உயிருள்ள மனிதனின் உடம்பில் உள்ள நீரை எப்படி அளப்பது?

அதற்கு வழி கண்டவர், ஜார்ஜ் ஹெவெசி.

இவர் 1885-ம் ஆண்டு ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம். ரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, 1911-ல் இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டரில் விஞ்ஞானி ரூதர்போர்டிடம் ஆராய்ச்சி செய்தார்.

சாப்பாட்டில் துப்பு

அங்கே அவர் ஒரு விடுதியில் தங்கினார். மிச்சம் விழுந்த கறியையே விடுதிக்காரி மறுபடியும் சமைத்துப் போடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். அவளோ மறுத்தாள். ஒருநாள், தட்டில் மிஞ்சிய கறியில் துளி கதிரியக்கப் பொருளைச் சேர்த்து வைத்தார். பிறகு பரிமாறப்பட்ட உணவைக் கருவியால் சோதித்தார். குட்டு வெளிப்பட்டது!

ஒரு பொருளுக்கு அடையாளம் இட்டு, அது போகும் இடமெல்லாம் பின்தொடர்வது. இதுவே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி ஆயிற்று.

கனநீர்

1931-ல் அமெரிக்க விஞ்ஞானி யூரி, கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்தார். அது சேர்ந்த தண்ணீரே கனநீர். அதற்குக் கதிரியக்கம் கிடையாது. சிறிதளவு குடித்தால் தீங்கில்லை.

அண்டாவில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. அளந்த உப்பைக் கரைத்து, ஒரு கரண்டி நீரில் எவ்வளவு உப்பு என்று பார்த்தால், மொத்தக் கணக்கும் கிடைத்துவிடும். உடம்புதான் அண்டா, கனநீர்தான் உப்பு!

1934-ல் ஜெர்மனியில், பிரைபர்க் நகரில் ஹெவெசியும் ஹோபர் என்பவரும் இதைச் செய்து பார்த்தார்கள். கனநீர் கலந்த தண்ணீரைப் பருகியவரின் சிறுநீரைச் சுத்தமாக்கி, அடர்த்தியை அளந்தார்கள். உடம்பில் சுமார் 43 லிட்டர் நீர் இருப்பது தெரிந்தது. குடித்த நீரில் பாதி வெளியேற ஏறக்குறைய 9 நாட்கள் ஆயின. இன்று குடித்த தண்ணீர் இன்றே போய்விடுவதில்லை!

நாடு விட்டு நாடு

அப்போது ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. ஹெவெசி யூத வம்சத்தவர். அதே ஆண்டில் டென்மார்க் போனார். 1943-ல் அங்கிருந்தும் தப்பி ஸ்வீடன் சேர்ந்தார். அந்த ஆண்டுக்குரிய ரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1966-ல், 80-வது வயதில் காலமானார்.

முதியோருக்கு

அவர் காட்டிய வழி இன்றும் நிற்கிறது. கனநீரைக் குடிக்கச் செய்து, சில மணி நேரம் கழித்து உமிழ்நீரையோ சிறுநீரையோ சோதித்து, முதியோரின் உடல் நீரை அளக்கிறார்கள்.

நோயில்லாத முதியவருக்கும் உடம்பில் நீர் குறைகிறது. வயது ஏற ஏறத் தசை கரைவதே காரணம். தசையில் நீர் அதிகம், கொழுப்பில் குறைவு. தாக உணர்ச்சியும் மங்கிவிடுகிறது. ஆகவே, வாலிபனைச் சோர வைக்காத வெயிலும் வயிற்றுப்போக்கும் முதியவரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

தாத்தா தண்ணீர் கேட்கவில்லை என்பதால், அவருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தமல்ல.