குடத்தில் இடப்படாத ஓலை

பட்டாசு நன்றாக வெடிக்குமா என்பதை அறிய ஒரே வழி, அதை வெடித்துப் பார்ப்பதுதான். வெடித்துப் பார்த்த பட்டாசை விற்க முடியாது. ஆகவே, ஆயிரத்தில் சிலவற்றை எடுத்து வெடித்துப் பார்த்துவிட்டு, மீதியை நம்பிப் பெட்டியில் அடைக்க வேண்டும். விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் பிறந்த எனக்குப் புள்ளியியலின் முதல் பாடம், சிறு வயதில் வேடிக்கை பார்த்த அந்தச் சோதனை வெடிப்பில்தான் கிடைத்தது.

எந்தச் சிலவற்றை எடுப்பது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. மேலே இருப்பதை எடுத்தால், கடைசியாகச் செய்த சரக்கின் தரம் மட்டுமே தெரியும். பார்வைக்கு நன்றாக இருப்பதை எடுத்தால், எடுத்தவரின் ரசனைதான் தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை நன்றாகக் கிளறப்பட்டிருந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். சமுதாயம் யாராலும் கிளறப்படாத பானை. அதில் மேட்டுத் தெரு ஒரு பக்கம், கண்மாய்க் கரைக்கு அப்பால் உள்ள குடியிருப்பு மறுபக்கம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1980-களின் பிற்பகுதியில் தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களின் வருவாய் குறித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டேன். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய வீடுகள், என்னை அறிந்தவர்களின் வீடுகள், வெயிலுக்கு மோர் கொடுத்தவர்களின் வீடுகள் என்று எளிதாகச் செல்ல முடிந்த இடங்களிலெல்லாம் தகவல் திரட்டினேன். நெறியாளர் ஊர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். கண்மாய்க்கு அப்பால் ஒரு வீடுகூட இல்லையே என்றார். மழையில் பாதை மோசம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டினார். அதில் ஒரு சொல்கூட இல்லை. பக்கம் பக்கமாக எண்கள் மட்டுமே இருந்தன. அவை சமவாய்ப்பு எண்களின் அட்டவணை. அந்த எண்கள் காட்டிய வீடுகளுக்குத்தான் போக வேண்டும் என்பது உத்தரவு. போனேன். நான் முன்பு கணக்கிட்டிருந்த சராசரி வருவாய் நிலைகுலைந்தது. என் ஆய்வேடு அன்றுதான் உண்மையில் தொடங்கியது.

அன்று முதல் என்னைத் தொடர்ந்து வரும் பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் பிறந்த ஜூன் 29, 2007-ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் ஐந்தாண்டுத் திட்டத்தோடு மட்டும் அவர் பெயரைச் சேர்த்துப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

1893-இல் கொல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1913-இல் இங்கிலாந்து சென்றார். லண்டனில் படிப்பதுதான் அவருடைய திட்டம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் கடைசி ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பரோடு தங்கினார். அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் தேவாலய அழகில் மனத்தைப் பறிகொடுத்து, அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்த தமிழ் நண்பர் சீனிவாச ராமானுஜன். குளிரில் நடுங்கிய ராமானுஜனுக்குக் கம்பளிகளை விரித்து அவற்றுக்குள் நுழைந்து உறங்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான். ஒருமுறை இதழொன்றில் வந்த புதிரை அவர் வாசித்துக் காட்டினார். ஐம்பதுக்கும் ஐந்நூறுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் வீடுகள் உள்ள ஒரு தெரு; ஒரு வீட்டின் இடப்புறமுள்ள வீட்டு எண்களின் கூட்டுத்தொகையும், வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அந்த வீடு எது? சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜன், கிளறுவதை நிறுத்தாமலேயே, அத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் தொடர் பின்னத்தைச் சொன்னார். 288 வீடுகளில் 204-ஆவது என்பது அந்த விடைகளில் ஒன்று மட்டுமே.

1915-இல் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவர் விடுமுறைக்காக ஊருக்குப் புறப்பட்டார். உலகப் போரால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாள்களில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் காட்டிய பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் ஆய்விதழின் தொகுதிகளை விலைக்கு வாங்கிக்கொண்டார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். தவறிய ரயில் ஒரு கல்லூரியைத் தந்தது என்றால், தாமதித்த கப்பல் ஒரு துறையைத் தந்தது. கொல்கத்தாவில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிக்கொண்டே அவர் புள்ளியியலராக மாறினார்.

1922-இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். வெள்ள நீரைத் தேக்கி வைக்கப் பெரும் செலவில் தேக்கங்கள் கட்டப் பொறியாளர்கள் பரிந்துரைத்தனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு மழை, வெள்ளக் கணக்குகளை ஆராய்ந்த மகலனோபிஸ், நீர் தேங்குவதுதான் நோய் என்று கண்டார். தேவைப்பட்டது விரைவான வடிகால். பெருந்தொகை வீணாவதை வெறும் பழைய பதிவேடுகள் தடுத்தன.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஓர் அறை. முதலாண்டுச் செலவு 238 ரூபாய். 1933-இல் சங்க்யா என்ற ஆய்விதழ் வெளிவந்தது. இங்கிலாந்தின் டிப்பெட் 1927-இல் 41,600 இலக்கங்கள் கொண்ட சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டிருந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு மகலனோபிஸும் தோழர்களும் உருவாக்கிய அட்டவணைகள் 1934-இல் சங்க்யாவில் வெளியாயின. எண்களை ஒழுங்கின்றி அடுக்குவதற்கு இத்தனை உழைப்பா என்று தோன்றலாம். மனதில் தோன்றும் எண்களை எழுதச் சொன்னால், நாம் ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதத் தயங்குகிறோம். சில எண்களை நம்மையறியாமல் விரும்புகிறோம். விருப்பு வெறுப்பற்ற தேர்வு மனித மனத்துக்கு இயல்பாக வருவதில்லை. அதற்கு ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவியை அவர் வயலுக்குக் கொண்டுபோனார். வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் பயிராகிறது என்று அறிய 1937 முதல் 1941 வரை மாதிரிக் கணக்கெடுப்புகளை நடத்தினார். கிராம வரைபடங்களில் சமவாய்ப்பு எண்கள் காட்டிய இடங்களுக்குக் கணக்கெடுப்பாளர்கள் சென்றாக வேண்டும். சேறென்றோ தொலைவென்றோ வேறு வயலை மாற்றிக்கொள்ள முடியாது. ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு மாதிரிகளை எடுத்து, இரு வேறு குழுக்களிடம் ஒப்படைப்பதும் அவருடைய முறை. இரண்டு விடைகளும் வெகுவாக விலகினால், எங்கோ கை தவறியிருக்கிறது என்று பொருள். அதே காலத்தில் ஒவ்வொரு வயலையும் எண்ணும் முழுக் கணக்கெடுப்பும் நடந்தது. வணிகத்துக்கு உண்மையில் வந்துசேர்ந்த சணலின் அளவோடு ஒப்பிட்டபோது, பல மடங்கு குறைந்த செலவில் எடுத்த மாதிரிக் கணக்கே உண்மைக்கு அருகில் நின்றது. எல்லாவற்றையும் எண்ணுவது எப்போதும் சரியாக எண்ணுவதாகாது என்பதை அரசு அன்று கற்றது.

1943-இன் வங்கப் பஞ்சத்துக்குப் பின் அவருடைய நிறுவனம் கிராமங்களில் மாதிரி ஆய்வு நடத்தியது. நிலமற்ற கூலிகள், மீனவர்கள், கைவினைஞர்கள் போன்றோர் எவ்வாறு அடியோடு சரிந்தார்கள் என்பதை அந்த ஆய்வு எண்களில் எழுதியது. பொருளியல் மாணவனாக அந்தப் பக்கங்களைப் படித்த நாளில், அட்டவணைகளும் அழவைக்கக்கூடும் என்று உணர்ந்தேன்.

விடுதலைக்குப் பின், 1949-இல், மத்திய அமைச்சரவையின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகரானார். 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று தொடங்கியது. நாட்டின் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் 1,833 கிராமங்கள் தெரிவாயின. அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த டி.பி. லாகிரி 1951-இல் எளிய தேர்வு முறையொன்றை வகுத்தார். பெரிய ஊருக்கு அதன் அளவுக்கேற்ப அதிக வாய்ப்பும், சிறிய ஊருக்குக் குறைந்த வாய்ப்பும் தர வேண்டும். முதலில் ஓர் ஊரைச் சமவாய்ப்பாகத் தேர்க. அடுத்து, மிகப் பெரிய ஊரின் மக்கள்தொகைக்குள் ஓர் எண்ணைச் சமவாய்ப்பாக எடுக்க. அந்த எண் தெரிவான ஊரின் மக்கள்தொகைக்குள் அடங்கினால் ஊரை ஏற்க. மிஞ்சினால் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்குக. லட்சக்கணக்கான ஊர்களின் மக்கள்தொகையை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் வேலை மிச்சமாயிற்று.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அவர் வகுத்த கனரகத் தொழில் வழியில் எனக்கு முழு உடன்பாடில்லை. வேளாண்மைக்கும் அன்றாட நுகர்பொருள்களுக்கும் உரிய இடத்தை அது தரவில்லை. பி.ஆர். ஷெனாய் அன்றே மாறுபட்டு எழுதினார், சி.என். வகீலும் பி.ஆர். பிரம்மானந்தாவும் மாற்று வழி கூறினர். நிறுவனத்தை அவர் தம் பிடிக்குள்ளேயே வைத்திருந்தார் என்ற குறையும் உண்டு. ஆனால், அவருடைய திட்டம் தவறிய இடத்தைச் சுட்டிக்காட்டவும் நமக்கு அவர் நிறுவிய கணக்கெடுப்புகளே உதவின. இதைவிட ஓர் அறிஞருக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

1956-இல் அவருடைய நிறுவனத்தில் இந்தியாவின் முதல் எண்முறைக் கணினிகளுள் ஒன்று நிறுவப்பட்டது. 1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவர் மறைந்தார். அதே ஆண்டில் பிரான்சின் மார்சேயில் புரோலாக் என்ற தருக்க நிரல்மொழி உருவானது. உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால், கணினி தருக்கத்தின் வழியே விடை தேடும். ஒரு வழி அடைபட்டால் பின்வாங்கி அடுத்த வழியை முயலும்.

இத்தகைய மொழியில் சமவாய்ப்புத் தேர்வு ஒரு விருந்தாளியைப் போன்றது. தருக்கத்தில் ஒரே கேள்விக்கு எப்போது கேட்டாலும் ஒரே விடைதான். குலுக்கலிலோ ஒவ்வொரு முறையும் ஒரு விடை. உறுப்பினர் ஒருவரைக் குலுக்கி எடுத்த பின் அவர் பொருந்தவில்லை என்று கணினி பின்வாங்கினால், அந்தக் கட்டளை தானாக இன்னொருவரைத் தருவதில்லை. ஆகவே நிரலாளர்கள் முதலில் பட்டியல் முழுவதையும் கலைத்துப்போட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். யாரும் இருமுறை வருவதில்லை, யாரும் விடுபடுவதில்லை. மேலும், நிரல் தரும் சமவாய்ப்பு எண்கள் பெரும்பாலும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை. தொடக்க எண்ணும் பட்டியலும் செய்முறையும் அவையேயானால் வரிசையும் அதுவேயாகும். இதைக் குறை என்பார்கள். பொதுவாழ்வில் இது பெரிய வரம்: தேர்வு நேர்மையாக நடந்ததா என்பதை யார் வேண்டுமானாலும் மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.

கலைத்துப்போட்டு எடுப்பது தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளன. முப்பது குடும்புகள்; ஓலையில் பெயர்; குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். குலுக்கலில் குறையில்லை. ஆனால் கால்வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையும் உடையோரின் பெயர்களே ஓலையில் ஏறின. உழுதவரின் பெயர் ஏறவில்லை. குடத்தில் இடப்படாத ஓலை எத்தனை முறை குலுக்கினாலும் வெளியே வராது.

இதை நான் இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்து பல உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின்னும் எங்கள் பகுதியில் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம், சோதனையா விபத்தா என்று ஒரு நொடி மூச்சை நிறுத்திக் கேட்கிறோம். 2014 அக்டோபரில் மத்திய அரசு தொழிலாளர் ஆய்வுகளுக்குக் கணினிவழிச் சமவாய்ப்புத் தேர்வை அறிமுகப்படுத்தியது. எந்த ஆலைக்குப் போவது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாத அந்த முறையை நான் வரவேற்கிறேன். ஆனால் கணினி தன்னிடம் உள்ள பட்டியலிலிருந்துதான் எடுக்கும். உரிமமின்றி வீட்டின் பின்கட்டில் மருந்து அடைப்பவரும், உள்குத்தகை அறையில் வேலை செய்யும் பெண்ணும் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்கள்?

இரண்டு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, மகலனோபிஸ் வரைபடத்தில் தொடங்கியதைப் போல, நாமும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆலைகளின் பெயர்களைக் குலுக்குவதோடு நில்லாமல், ஊர் வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சமவாய்ப்பாகத் தெரிவாகும் கட்டங்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்போது பட்டியலில் இல்லாததும் கண்ணில் படும். வாழ்வாதாரமாகச் செய்பவரைத் தண்டிக்க விரைவதைவிட, அவரைப் பாதுகாப்பான கூடத்துக்குக் கொண்டுவருவது நோக்கமாக இருக்கட்டும். இரண்டாவது, பட்டியலையும் தேர்வு நிரலையும் முன்கூட்டியே வெளியிட்டு, தொடக்க எண்ணை மட்டும் முத்திரையிட்டு வைத்து, ஆய்வுகள் முடிந்தபின் ஊரறியப் பிரிக்க வேண்டும். தேர்வு நடுநிலையாக நடந்ததா என்பதைக் கல்லூரி மாணவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

நாட்டின் பெரிய பட்டியலுக்கும் இது பொருந்தும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-இன் ஊர்களையே வைத்து நெடுங்காலம் மாதிரிகள் எடுக்கப்பட்டன. இடையில் உருவான குடியிருப்புகளும், பிழைப்பு தேடிக் குடிபெயர்ந்தவர்களும் உரிய கணக்கில் சேரவில்லை. பட்டியல் பழையதானால், எத்தனை நேர்த்தியாகக் குலுக்கினாலும் பழைய நாட்டைத்தான் பார்ப்போம்.

என் ஆய்வேட்டை இப்போதும் சில நேரம் புரட்டுவதுண்டு. கண்மாய்க்கு அப்பால் முதலில் போன வீட்டில், ஒரு மூதாட்டி கட்டை விரலில் பசை காய்ந்திருக்கத் தீப்பெட்டிக்கூடு ஒட்டிக்கொண்டிருந்தார். அவரை நான் தேடிப் போகவில்லை. ஓர் எண் என்னை அங்கே அனுப்பியது. அந்த எண்ணை அனுப்பும் அதிகாரத்தை மனித விருப்பத்திடமிருந்து பறித்தவர் மகலனோபிஸ். அந்த மூதாட்டியின் வீட்டையும் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது.

கட்டுரையாளர்: ஓய்வு பெற்ற பொருளியல் பேராசிரியர்.