குழாய்த் தண்ணீரைக் கணக்குப் போட்ட டார்சி

குழாயைத் திறந்தா தண்ணி வருது. ஆனால் ஒரு குழாயில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்னாடியே கணக்குப் போட முடியுமா? அதுக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஹென்றி டார்சி.

இவர் 1803-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிரான்சு நாட்டில் டிஜோன் என்னும் ஊரில் பிறந்தார். 14 வயதில், அதாவது நம்ம வயசில், அப்பாவை இழந்தார். ஆனாலும் அவருடைய அம்மா படிப்பை நிறுத்த விடல. பாரிசில் படித்துப் பொறியாளர் ஆனார்.

அந்தக் காலத்தில் டிஜோன் ஊரில் நல்ல தண்ணீர் கிடையாது. கிணறுகள் அழுக்காக இருந்தன. ஆழமாகக் கிணறு தோண்டிப் பாத்தாங்க, போதுமான தண்ணி கிடைக்கல. டார்சி ரோசுவார் என்ற ஊற்றிலிருந்து சுமார் 12 கி.மீ. தூரத்துக்கு மூடிய கால்வாய் கட்டினார். பம்பு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே தண்ணீர் ஓடி வந்தது. 1840-இல் தண்ணீர் ஊருக்குள் வந்தது. நிமிடத்துக்குச் சுமார் 8,000 லிட்டர்! 15 லிட்டர் குடம் என்றால் 533 குடம்!

இதற்காக அவருக்குச் சேர வேண்டிய பணம் சுமார் 55,000 பிராங்க். அதை அவர் வாங்கிக்கல. தங்கப் பதக்கமும், ஆயுள் முழுக்க வீட்டுக்கு இலவசத் தண்ணீரும் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

1848-இல் அரசு மாறியதும் அவரைச் சொந்த ஊரை விட்டே மாத்திட்டாங்க. அப்பவும் அவர் சோர்ந்து போகல. பாரிசில் இரும்பு, ஈயம், கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் விட்டு அளந்தார்.

10 செ.மீ. விட்டம், 1 மீட்டர் நீளமுள்ள குழாய் எவ்வளவு கொள்ளும்? 22/7 × 5 × 5 × 100 = 7,857 கன செ.மீ., அதாவது ஏறக்குறைய 8 லிட்டர். விட்டம் பாதியானால் கொள்ளளவு கால் பங்குதான்! இது நம்ம கணக்குப் புத்தகத்திலேயே இருக்கு. ஆனால் கொள்ளும் அளவு வேறு, ஓடும் அளவு வேறு. குழாயின் உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் உராய்வு அதிகமாகி ஓட்டம் குறையும். பழைய குழாயில் உப்பும் துருவும் படிந்தால் தண்ணீர் குறைவது இதனால்தான். முன்பு இருந்த கணக்குகளில் இந்தச் சொரசொரப்பைச் சேர்க்கல. டார்சிதான் அளந்து காட்டினார். 1857-இல் அது நூலாக வந்தது. பொறியாளர்கள் இன்றும் டார்சி-வைஸ்பாக் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

உடல்நலம் கெட்ட பிறகும் மணலில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று சோதனை செய்து 1856-இல் ஒரு விதியை வெளியிட்டார். நிலத்தடி நீரைக் கணக்கிட அதுவே அடிப்படை. 1858 ஜனவரி 3-ஆம் நாள் காலமானார். டிஜோனில் ஒரு சதுக்கம் அவர் பெயரோடு இருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்! 15 லிட்டர் குடம் 30 விநாடியில் நிரம்பினால் குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வருகிறது. அடுத்த மாசமும் அதே குடத்தை வைத்து அளந்து பாருங்கள். நேரம் கூடினால் குழாயில் அடைப்போ, கசிவோ, தொட்டியில் தண்ணீர் குறைவோ இருக்கலாம். உடனே பெரியவங்ககிட்ட சொல்லுங்க. அளந்தால்தான் குறை தெரியும், குறை தெரிந்தால்தான் சரி செய்ய முடியும்!