உப்பு வரி அதிகாரி வெட்டிய கால்வாய்

பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் கோடை காலத்தில் ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். தாய், தந்தை, பிள்ளைகள் என ஒரு குடும்பம் படகொன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே அதனைச் செலுத்திக்கொண்டு போகும். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் படகிலேயே உண்டு. அதனைச் செலுத்த முன் அனுபவமோ அனுமதிப்பத்திரமோ வேண்டியதில்லை. புறப்படும் முன்னர் சிறிது நேரம் பயிற்சி கொடுப்பார்கள், அவ்வளவுதான். மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் வேகம் கூடாது. பிள்ளைகள் கரையில் சைக்கிளில் முந்திச் சென்று படகுக்காகக் காத்திருப்பர். மாலையானதும் கரையில் முளையடித்துப் படகைக் கட்டிவிட்டு, அங்கேயே உண்டு உறங்குவர்.

இருமருங்கும் மரங்கள் நிழல் பரப்ப, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் இந்த நீர்ப்பாதைக்குத் தெற்குக் கால்வாய் என்று பொருள்படும் 'கனால் து மிதி' என்பது பெயர். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ களப்பு வரை 240 கிலோமீற்றர் நீளமுடையது. இன்று ஓய்வுக்காக மக்கள் நாடும் இக்கால்வாயை வெட்டியவர் ஓய்வு என்பதையே அறியாதவர். அவர் பெயர் பியர் போல் ரிக்கே.

ரிக்கே 1609ஆம் ஆண்டு பெஸியே நகரில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். வளர்ந்ததும் உப்பு வரி வசூலிக்கும் பணியில் சேர்ந்தார். அக்காலப் பிரான்ஸில் உப்பு வரியைப் போல் மக்கள் வெறுத்த வரி வேறில்லை எனலாம். ஏழையின் கஞ்சிக்கும் விலை வைத்த வரி அது. அவ்வரியைத் திரட்டும் குத்தகையில் படிப்படியாக உயர்ந்து, லாங்குதொக் மாகாணத்தின் பெரும் செல்வர்களுள் ஒருவரானார். அவருடைய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு அவரது வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர்தான் அவரது வாழ்வின் பெரும்பணி தொடங்கியது. அக்காலத்தில் பிரான்ஸின் மேற்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்குச் செல்லும் கப்பல்கள் ஸ்பெயின் தேசத்தைச் சுற்றிக்கொண்டு, தாரிக் இப்னு ஸியாதின் பெயரால் வழங்கும் ஜிப்ரால்டர் நீரிணையூடாகச் செல்ல வேண்டியிருந்தது. நீண்ட பயணம் அது. புயலும் கடற்கொள்ளையும் ஒருபுறம், ஸ்பெயினின் பகை மறுபுறம். நாட்டுக்குள்ளேயே ஒரு கால்வாயை வெட்டி, துலூஸில் அதனை அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கி ஓடும் கரோன் ஆற்றுடன் இணைத்துவிட்டால் இத்தொல்லை தீரும். இந்த யோசனை புதியதன்று. பல மன்னர்கள் காலத்தில் பேசப்பட்டுக் கைவிடப்பட்டதே.

கைவிட்டதற்குக் காரணம் தண்ணீர். துலூஸுக்கும் கடலுக்கும் நடுவே நிலம் ஏறத்தாழ 190 மீற்றர் உயரத்துக்கு எழுகிறது. மேட்டின் உச்சியிலிருந்து நீர் இருபுறமும் வழிந்து ஓடிவிடும். உச்சிக்கு ஓயாமல் நீர் வழங்காவிட்டால் கால்வாய் வறண்டு போகும். அந்த நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு எவராலும் விடை கூற முடியவில்லை.

வரி வசூலுக்காக ஊர் ஊராகச் சுற்றிய ரிக்கே அந்த விடையைக் கண்டார். வடக்கே கருமலை எனப்படும் மலைத்தொடர் உண்டு. அதன் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, நோரூஸ் என்னும் மேட்டுக்குக் கொண்டுவந்தால் அங்கிருந்து நீர் இரு திசைக்கும் பாயும். இதில் அவருக்குக் கைகொடுத்தவர் ரெவெல் ஊரில் நீரூற்றுகளைப் பராமரித்து வந்த பியர் கம்மாஸ். மலையின் ஓடைகளைக் கண்ணும் காலும் கொண்டு படித்தவர் அவர். அந்திரேயொசி என்ற இளம் பொறியியலாளர் வரைபடங்களைத் தயாரித்தார். ரிக்கே தமது பொன்ரெப்போ மாளிகைத் தோட்டத்திலேயே சிறு கால்வாய்கள் அமைத்துப் பரிசோதித்தார்.

1662 நவம்பரில் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேருக்கு அவர் கடிதம் எழுதினார். உப்பு வரிக்காரன் ஒருவன் நிலமட்டம் அளப்பதைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும் என்ற பணிவு அதில் இருந்தது. கொல்பேர் உடனே சம்மதிக்கவில்லை. குழு அமைத்தார், ஆராய்ந்தார். நீர் உண்மையாகவே வருமா என்று காட்டுவதற்கு 1665இல் ரிக்கே ஒரு பரீட்சார்த்த வாய்க்காலை வெட்டிக் காட்டினார். நீர் வந்தது. 1666 அக்டோபரில் அரச ஆணையும் வந்தது.

முதலில் சேன் ஃபெரெயோல் அணைக்கட்டு எழுந்தது. நீளம் ஏறத்தாழ 780 மீற்றர், உயரம் 30 மீற்றருக்கு மேல். அன்றைய ஐரோப்பாவில் அதற்கு நிகரான அணை இல்லை எனலாம். மழைக்கால நீரைத் தேக்கிக் கோடையில் கால்வாய்க்கு வழங்குவதே அதன் வேலை. இன்றும் அவ்வேலையை அது செய்துகொண்டிருக்கிறது.

அடுத்து மேடு ஏறி இறங்கும் வழி. இதற்காகக் கால்வாயில் ஆங்காங்கே நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டன. இரு முனையிலும் கதவுள்ள கல் தொட்டி என்று அதனைச் சொல்லலாம். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி நீரை நிரப்பினால் படகு உயரும், நீரை வடித்தால் தாழும். ஆரம்பத்தில் நேரான சுவர்களைக் கட்டினர். மண்ணின் அழுத்தத்தில் சுவர் இடிந்தது. பின்னர் சுவர்களை வெளிப்புறமாக வளைத்து முட்டை வடிவில் கட்டினர். அவ்வடிவம் நிலைத்துவிட்டது. பெஸியே அருகே எட்டுத் தொட்டிகளைப் படிக்கட்டுப் போல் அடுக்கி, 21 மீற்றருக்கு மேற்பட்ட சரிவைப் படகு ஏறும்படி செய்தனர். இப்படிக்கட்டைக் கட்டிய சகோதரர் இருவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்றும், அவர்களுடைய வேலையாட்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றும் கூறுவர்.

வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 12,000 பேர் பணியாற்றினர். கூடையில் மண் சுமந்த பெண்களும் அவர்களுள் பலர். மலைக்கிராமங்களில் நீரை வழிநடத்திப் பழகிய பெண்களின் அறிவும் இக்கால்வாயில் கலந்துள்ளது என்று வரலாற்றாய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆயினும் அப்பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. ரிக்கே தொழிலாளருக்கு மாதச் சம்பளம் வழங்கினார். மழை பெய்து வேலை நின்ற நாளுக்கும், ஞாயிறு, பண்டிகை நாட்களுக்கும், நோயுற்ற நாளுக்கும் கூலியை வெட்டவில்லை. அந்தக் காலத்தில் இது கேள்விப்படாத சலுகை. ஏழையிடம் உப்பு வரி வாங்கிய அதே கை, ஏழைக்கு இதையும் கொடுத்தது.

பணத்தில் பெரும்பகுதியை மன்னரும் மாகாணமும் தர வேண்டும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ரிக்கே போட வேண்டும், கால்வாயும் அதன் சுங்க வருமானமும் அவருடைய சந்ததிக்கு உரியவை என்பதே ஏற்பாடு. ஆனால் அரசின் பணம் தாமதித்தே வந்தது. கூலி கொடுக்க அவர் கடன் வாங்கினார். பின்னர் கடனை அடைக்கக் கடன் வாங்கினார். மகள்மாரின் சீதனத்துக்கு ஒதுக்கியதும் கால்வாயில் கரைந்தது என்பர். கொல்பேரும் அவர்மீது ஐயம் கொள்ளத் தொடங்கினார்.

1679இல் பெஸியேக்கு அண்மையில் ஒரு குன்று குறுக்கிட்டது. எதிராளிகள் ஏளனம் செய்தனர், வேலையை நிறுத்துமாறு உத்தரவும் வந்தது. ரிக்கே அடங்கவில்லை. மென்மையான மணற்கல் இடிந்து விழும் அபாயம் இருந்தும், இரகசியமாகச் சில நாட்களிலேயே குன்றைக் குடைந்து வழி திறந்து காட்டினார் என்பர். ஏறத்தாழ 165 மீற்றர் நீளமான அந்த மல்பா சுரங்கமே, படகு செல்வதற்காகக் கால்வாயில் அமைக்கப்பட்ட உலகின் முதற் சுரங்கம் எனப்படுகிறது.

கடல் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் சில கிலோமீற்றரே எஞ்சியிருந்தது. 1680 அக்டோபரில் ரிக்கே துலூஸில் காலமானார். 1681 மேயில் கால்வாய் திறக்கப்பட்டது. அவருடைய கனவுப் படகு மிதந்தபோது அவர் மண்ணுக்குள் போய் ஏழு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

அவர் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றது இருபது இலட்சம் லிவ்ருக்கு மேற்பட்ட கடன். மூத்த மகன் ஜோன் மத்தியாஸும் அவருடைய தம்பியும் கடனையும் ஏற்றனர், எஞ்சிய வேலையையும் முடித்தனர். குடும்பம் கடனிலிருந்து மீண்டு இலாபம் காண 1724ஆம் ஆண்டு வரை சென்றது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிட வசதியோடு விட்டுச் செல்வது மேல் என்பது நமது மார்க்கத்தின் போதனை. அந்த அளவுகோலால் பார்த்தால் ரிக்கே பிள்ளைகளின் பங்கில் கை வைத்தது குறையாகவே தெரியும். அவருக்கு இலாப நோக்கும் இருந்தது, பிரபு என்ற பட்டத்தில் ஆசையும் இருந்தது. இவற்றையெல்லாம் கழித்த பின்னரும் மிஞ்சுவது ஒன்றுண்டு. ஐம்பது வயதுக்கு மேல், தமக்குப் பயிற்சி இல்லாத துறையில், அறிந்தவர்களிடம் கேட்டுக் கற்று, பதினெட்டு ஆண்டுகள் பின்வாங்காமல் உழைத்த உறுதியே அது.

கோதுமையும் திராட்சை மதுவும் பயணிகளும் அவ்வழியே இரு நூற்றாண்டுகள் சென்றனர். 1857இல் புகையிரதம் வந்ததும் கால்வாயின் வாணிபம் தேயத் தொடங்கியது. சரக்குப் படகுகள் மறைந்த இடத்தில் இன்று விடுமுறைப் படகுகள் மிதக்கின்றன. 1996இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

இன்று ஒரு பிரெஞ்சுத் தாய் படகின் சுக்கானைப் பிடித்திருக்க, மகள் கயிற்றோடு கரைக்குத் தாவுகிறாள். நீர்ப்பூட்டின் கதவு மூடுகிறது, நீர் ஏறுகிறது, படகு மெல்ல உயர்கிறது. அந்த நீர் கருமலையிலிருந்து வருகிறது. அதைக் கண்டுபிடித்த கம்மாஸும், கொண்டுவந்த ரிக்கேயும், மண் சுமந்த பெண்களும் அச்சிறுமிக்குத் தெரியாதவர்கள். தெரியாவிட்டாலும் நீர் வந்துகொண்டேயிருக்கிறது.