பிடியரிசியில் படித்த பிள்ளை



உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துக் கோவிலுக்கென்று தனிப்பானையில் போட்டுவைத்த பாட்டிமாரை உங்களுள் பலர் அறிவீர்கள். அந்தப் பிடியரிசியால் எழும்பிய கோவில்கள் நம் நாட்டுப்புறத்தில் உண்டு. மதுரைக்குத் தெற்கே உள்ள விருதுநகரிலோ அதே பிடியரிசியால் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. க்ஷத்திரிய வித்தியாசாலை என்பது அதன் பெயர். வீட்டுக்கு வீடு தாய்மார் ஒதுக்கிய அரிசியைச் சேர்த்து விற்று, ஊர்ப்பிள்ளைகளுக்குச் சம்பளமின்றிக் கல்வி கொடுத்தார்கள். அங்கே படித்த பிள்ளை ஒருவரின் வரலாற்றை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நல்ல சமாரித்தன் உவமையைக் கேட்டு வளர்ந்த நாம், நன்மை எங்கே நடந்தாலும் அதைக் கண்டு கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தவர் காமராஜர். ஆறு வயதில் தகப்பனை இழந்தார். தாய் தன் நகைகளை விற்று, அந்தப் பணத்துக்கு வந்த வட்டியைக் கொண்டு மகனையும் மகளையும் வளர்த்தாள். பிள்ளைக்குப் பள்ளியில் சம்பளம் இல்லை. ஆனால் வீட்டில் சம்பாதிக்க ஆளும் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமனின் துணிக்கடையில் முழம்போடப் போனார்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். அந்தப் பிள்ளைக்குப் புத்தி குறைவா? ஆசிரியர் வெறுத்தாரா? ஒன்றுமில்லை. தகப்பன் இறந்தான், குடும்பம் தத்தளித்தது, அவ்வளவுதான். நம் ஊர்களில் இன்றும் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு நிற்பது இதே காரணத்தினால் அல்லவா?

கடையில் இருந்தபடியே அவர் பத்திரிகை படித்தார், கூட்டங்களுக்குப் போனார், தேச விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்தார். 1930-ம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தார். பல தடவைகளாக அவர் சிறையில் கழித்த நாட்கள் மூவாயிரத்துக்கு அருகே வரும். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில் புத்தகங்களைக் கொண்டு தொடர்ந்தார்.

1951-ம் ஆண்டில், கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பகிர்ந்தளித்துவந்த சென்னை அரசாங்கத்தின் உத்தரவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை கல்லூரி வாசலை மிதித்திராத வகுப்பாரின் பிள்ளைகளுக்கு அது பேரிடி. தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராயிருந்த காமராஜரும் இந்நிலையை டில்லித் தலைவர்களிடம் எடுத்துரைத்தார். அதே ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் நிறைவேறி, பின்தங்கிய வகுப்பாருக்கும் அரிசனங்களுக்கும் மலைவாழ் மக்களுக்கும் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது.

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் முதல் மந்திரியானார். பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து 1953-ல் வந்திருந்த திட்டத்தைக் கைவிட்டார். பிறகு தம் சொந்த வாழ்வில் கண்ட உண்மையை அரசாங்கத்தின் வேலையாக்கினார். கல்லூரிக்குப் போகவேண்டிய பிள்ளையைக் கல்லூரி வாசலில் தேடுவதில் பயனில்லை. அவன் பத்து வருஷம் முன்பே, பசியினால், பள்ளி வாசலில் நின்றுவிடுகிறான். ஆகவே 1956-ம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அரசாங்கம் ஒரு பங்கு கொடுத்தது. ஊரார் அரிசியும் காய்கறியும் விறகுமாய்த் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். விருதுநகர்ப் பிடியரிசி நாடு முழுவதற்கும் பரவியது எனலாம். ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூடின. மக்களே கட்டடமும் பலகையும் பெஞ்சும் சீருடையும் நன்கொடையாய்க் கொடுத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்புவரை சம்பளம் இல்லாமற் போயிற்று. அந்நாளில் அதுவே பள்ளியிறுதி வகுப்பு. அதைத் தாண்டினால் கல்லூரி.

வாசகரே, ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது, அவர்களை அனுப்பிவிடலாம் என்று சீடர்கள் நினைத்தார்கள். நமதாண்டவரோ உட்காரச் சொன்னார். ஒரு சிறுவன் கொண்டுவந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களை வாங்கி ஆசீர்வதித்தார். பசித்தவனை அனுப்பிவிடாமல் உட்காரவைப்பதே அன்பின் முதல் வேலை.

மதுரையைப் பாருங்கள். பெண்களுக்கென்று 1948-ல் லேடி டோக் கல்லூரியும், 1953-ல் நம் கன்னியர்களின் பாத்திமா கல்லூரியும் தோன்றின. 1954-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. 1957-ல் தியாகராசர் பொறியியற் கல்லூரி. 1966-ல் மதுரைப் பல்கலைக் கழகம். 1970-ல் சேசுசபைக் குருக்கள், உசிலம்பட்டி வழியிலுள்ள கருமாத்தூரில், நாட்டுப்புறப் பிள்ளைகள் படிக்கவேண்டுமென்று அர்ச்சியசிஷ்ட அருளானந்தர் பெயரால் கல்லூரி கண்டார்கள். கல்லூரிகள் இவ்வாறு எழும்பின. அவற்றுக்குள் கூலிக்காரன் மகன் நுழையக் காரணம், அவன் கிராமத்துப் பள்ளியில் பசியாறி உட்கார்ந்திருந்ததே.

காமராஜர் 1963-ம் ஆண்டு தாமாகவே பதவியை விட்டார். மணம் முடிக்கவில்லை, சென்னையில் வாடகை வீட்டில் வாழ்ந்தார். 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி காலமானார். 1978-ல் மதுரைப் பல்கலைக் கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆறாம் வகுப்போடு நின்ற அந்தப் பிள்ளையின் பெயர், அன்றிலிருந்து பட்டம் வாங்கும் ஒவ்வொருவரின் காகிதத்திலும் அச்சேறுகிறது!

இனி நம் பங்குக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும் பையனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்ட வீடும், நல்ல மார்க் வாங்கிய மகளுக்கு மாப்பிள்ளை தேடும் வீடும் உங்கள் தெருவில் உண்டா, இல்லையா? அந்தத் தாய் தகப்பனைக் குறை சொல்லாதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எங்கே வாங்குவது என்று வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. இவற்றைத் தெரியாமலேயே படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

ஆகவே உங்களை மூன்று காரியங்கள் கேட்கிறோம். உங்கள் அன்பியத்தில் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளின் பெயர்களை எழுதி, ஒருவரும் விடுபடாமல் பங்குச் சுவாமியாரிடம் கொடுங்கள். படித்த வாலிபரே, ஒரு ஞாயிறு மாலை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். தாய்மாரே, பாட்டியின் பிடியரிசிப் பானையை மறுபடி எடுத்து வையுங்கள். அரிசியானாலும் காசானாலும், அது விடுதிக் கட்டணமின்றித் தவிக்கும் ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும்.

ஒரு பிடி அரிசி என்ன செய்யும் என்று கேட்பவருக்கு, விருதுநகரில் படித்த அந்தப் பிள்ளையே பதில்.