செப்பேடு காத்த செல்வம்

பழந்தமிழ் நூல்கள் தமிழகத்தின் வட எல்லையாகக் குறிப்பிடும் வேங்கட மலையே இன்றைய திருமலை. அதன் அடிவாரத்தில் திருப்பதி நகரம் அமைந்துள்ளது. 2022 வரை இந்நகரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருவேங்கடத்து இறைவனைத் தமிழில் ஆழ்வார்கள் பாடினர். தெலுங்கில் பாடியவருள் தலைசிறந்தவர் அன்னமாச்சாரியார்.

அவர் 1408ஆம் ஆண்டு கடப்பைப் பகுதியில் உள்ள தாளப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நாராயண சூரி, தாய் லக்கமாம்பா. இளமையிலேயே வீட்டை விட்டு நீங்கி, அடியார் கூட்டத்துடன் திருமலைக்கு நடந்தார் என்பர். பதினாறாம் அகவையில் கீர்த்தனைகள் இயற்றத் தொடங்கினார். அகோபிலத்தில் ஆதிவண் சடகோப முனிவரிடம் வைணவ நூல்களைக் கற்றார்.

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியை ஆண்ட சாளுவ நரசிம்மர், தம்மையும் புகழ்ந்து பாடுமாறு அவரை வேண்டினார். இறைவனைப் பாடிய நாவால் மனிதரைப் பாட அவர் இசையவில்லை. அதனால் விலங்கிடப்பட்டுச் சிறைப்பட்டார் என்றும், பின்னர் மன்னர் பிழையுணர்ந்து பணிந்தார் என்றும் அவருடைய பேரர் சின்னன்னா எழுதிய வரலாறு கூறுகிறது.

அன்னமாச்சாரியார் 32,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. நாள்தோறும் ஒரு பாடலேனும் இயற்றும் தம் நோன்பைத் தம் மகன் பெத்த திருமலாச்சாரியாரிடம் ஒப்படைத்துவிட்டு, 1503இல் அவர் மறைந்தார்.

மகனும் சிறந்த கவிஞரே. தந்தையின் நிழலிலிருந்து விலகித் தம் புகழை மட்டும் அவர் தேடியிருக்கலாம். அவரோ தந்தையின் பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். ஓலையைக் கரையான் அரிக்கும், செம்பை அரிக்காது. தந்தை பாடத் தொடங்கிய ஆண்டையும் மறைந்த நாளையும் அவ்வேடுகளில் குறித்தார். தம் பாடல்களும் தம் மகன் சின்ன திருமலாச்சாரியாரின் பாடல்களும் அவ்வாறே பொறிக்கப்பட்டன. 2,000க்கும் மேற்பட்ட அவ்வேடுகள் திருமலைக் கோயிலில் ஒரு கல்லறைக்குள் வைக்கப்பட்டன. அவ்வறையின் வாயிலில் தந்தையும் மகனும் இருபுறமும் சிலையாக நிற்கின்றனர்.

அன்னமாச்சாரியார் வடமொழியில் இயற்றிய கீர்த்தனை இலக்கண நூல் அழிந்தது. சின்ன திருமலாச்சாரியார் அதனைத் தெலுங்கில் தந்தமையால் அதன் கருத்துகள் பிழைத்தன.

காலப்போக்கில் செப்பேடுகள் மறக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். ஏடுகளில் இராகப் பெயர்கள் இருந்தன, இசைக்குறிப்புகள் இல்லை. எனவே பல பாடல்களுக்குப் புதிதாக இசை அமைக்கப்பட்டது. தமிழகத்தின் எம்.எஸ். சுப்புலட்சுமி அவற்றைப் பாடி இல்லந்தோறும் சேர்த்தார்.

தந்தை மகனுக்கு ஆற்றும் கடமையையும், மகன் தந்தைக்கு ஆற்றும் கடமையையும் வள்ளுவர் ஒரே அதிகாரத்தில் வைத்தார். அன்னமாச்சாரியார் மகனுக்குக் கவிதையைத் தந்தார். மகன் அக்கவிதைக்கு நெடுவாழ்வு தந்தார். ஒருவர் பெயரைச் சொல்லும்போது மற்றவர் பெயரும் உடன் வருவது அதனால்தான்.

சொற்பொருள்
அகவை – வயது
இசைதல் – உடன்படுதல்
கல்லறை – (இங்கு) கல்லால் ஆன அறை
செப்பேடு – எழுத்துப் பொறித்த செப்புத் தகடு

பயிற்சி
1. அன்னமாச்சாரியார் மன்னரைப் பாட மறுத்தது ஏன்?
2. பெத்த திருமலாச்சாரியார் செம்பைத் தேர்ந்ததன் பயன் யாது?
3. உம் பெற்றோரிடமிருந்து நீவிர் கற்ற ஒரு பாடலையோ கதையையோ ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக.